நேயர் கடிதத்தில் முதலில் தேட வேண்டியது நிமிடம்

அரசியல், வணிகம், விளையாட்டு மூன்றையும் ஒரே பாட்காஸ்டில் பேசினால், மூன்று வீட்டுத் தபால் ஒரே பெட்டியில் விழுந்த மாதிரிதான் எதிர்வினை வரும். அரசியல் பகுதிக்கு வருவது பெரும்பாலும் கோபம். வணிகத்துக்கு வருவது கேள்வி. விளையாட்டுக்கு வருவது திருத்தம், அதுவும் தசமப் புள்ளி வரைக்கும். மூன்றையும் மொத்தமாகக் கூட்டி "இந்த எபிசோட் எடுபட்டது, அது சொதப்பல்" என்று தீர்ப்பு எழுதினால் எந்தப் பகுதியில் என்ன கோளாறு என்பது கடைசி வரை தெரியாது.

கடிதம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எபிசோடின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். "நீங்க எப்பவுமே அவங்க பக்கம்தான்" என்று இரண்டு பக்கத்துக்கு வருவதைவிட "27வது நிமிடத்தில் சொன்ன தொகை தப்பு" என்று ஒற்றை வரியில் வருவது கனமானது. முதலாவதைப் படித்தால் மனம் கெடும். இரண்டாவதை வைத்து வேலை செய்யலாம்.

இதற்கு ஒரு எக்செல் தாள் போதும். ஒரு எதிர்வினைக்கு ஒரு வரிசை. வந்த தேதி, வந்த வழி (மின்னஞ்சல், யூடியூப் கமெண்ட், வாட்ஸப் குரல் பதிவு, மதிப்புரை), எபிசோட் எண், நிமிடம், எந்தப் பகுதி, என்ன வகை, யார் பார்க்கிறார்கள், என்று முடிந்தது. வகையில் ஆறு இருந்தால் போதும்: தகவல் பிழை, ஒலி, சார்பு, கேள்வி, பாராட்டு, வசை. பாராட்டையும் வசையையும் பதிந்துவிட்டு நகர்ந்துவிடலாம். மற்ற நான்குக்கும் ஆள் பெயரும் முடிவு தேதியும் இல்லாவிட்டால் தாள் வெறும் குப்பைக்கூடை ஆகிவிடும்.

நிமிடம் இல்லாமல் வருகிற புகாருக்கு ஒரே பதில் வைத்துக்கொள்ளலாம்: "எழுதியதற்கு நன்றி. எந்த இடத்தில் என்று சொல்ல முடியுமா? நிமிடம் நினைவில்லை என்றால், அதற்கு முன்னாலோ பின்னாலோ என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்று சொன்னால் நாங்களே தேடிக்கொள்கிறோம்." இதற்குப் பதில் போடுகிறவரிடம் விஷயம் இருக்கிறது. பதில் போடாதவர் பொதுவாகக் கொட்டித் தீர்த்தவர். அவரை விட்டுவிடலாம், தப்பில்லை.

நிமிடத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஒரே வாக்கியத்தைப் பற்றி மூன்று பேர் எழுதுவார்கள். ஒருவர் 31:10 என்பார், இன்னொருவர் 32:40, மூன்றாமவர் 31:40. மூவரும் சரிதான். விளம்பரத்தை எபிசோடோடு ஒட்டி வைக்காமல் பதிவிறக்கும் நேரத்தில் செருகும் முறையில், ஒருவருக்கு முன்னால் விளம்பரமே வந்திருக்காது, இன்னொருவருக்கு 30 விநாடி விளம்பரம் மூன்று வந்திருக்கும். அங்கேயே 90 விநாடி நகர்ந்துவிடுகிறது. அதனால் தாளில் நிமிடத்தோடு அந்த வாக்கியத்தையும் எழுதி, விளம்பரம் இல்லாத மூலக் கோப்பில் அது எங்கே வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்துவடிவம் இருந்தால் தேடுவது நொடி வேலை. எபிசோட் குறிப்பில் நாம் போடும் நேரக் குறியீடும் இதே காரணத்தால்தான் சிலருக்குத் தள்ளிப்போகிறது. "நீங்க போட்ட டைம்ஸ்டாம்ப் எல்லாமே தப்பு" என்று எழுதுகிறவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் போனில் அது தப்புதான்.

தகவல் பிழை: ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால்

அடிக்கடி வரும் ரகம் இது: "வட்டி விகிதம் 5.50-லிருந்து 5.75 ஆனது, அதாவது 0.25 சதவீத உயர்வு என்றீர்கள். தவறு."

எழுதியவர் சொல்வது சரி. 5.50-லிருந்து 5.75-க்குப் போவது 0.25 சதவீதப் புள்ளி, அல்லது 25 அடிப்படைப் புள்ளிகள். சதவீதமாகச் சொல்வதென்றால் 0.25-ஐ 5.50-ஆல் வகுக்க வேண்டும், சுமார் 4.5 சதவீதம் வரும். அரசியல் பகுதியிலும் இதே பள்ளம் இருக்கிறது. ஒரு கட்சியின் வாக்கு 40 சதவீதத்திலிருந்து 44 ஆனால் உயர்வு 4 சதவீதப் புள்ளி. பழைய வாக்கோடு ஒப்பிட்டால் 10 சதவீத வளர்ச்சி. பேச்சு வேகத்தில் "புள்ளி" என்ற ஒரு சொல் விழுந்துவிடுகிறது. எண்ணைப் பற்றிய வாதம் முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

இதன் தம்பிகளும் உண்டு. விற்பனை வருவாயை லாபம் என்பது. பங்குச் சந்தை மதிப்பை வைத்துக்கொண்டு "கம்பெனிகிட்ட அவ்வளவு பணம் இருக்கு" என்பது. போன காலாண்டோடு ஒப்பிட்ட வளர்ச்சியைப் போன வருடத்தோடு ஒப்பிட்டதாகச் சொல்வது. விளையாட்டில் பெரும்பாலும் பழைய நினைவுதான் காலை வாரும். ஐரோப்பிய கிளப் கால்பந்துப் போட்டிகளில் எதிரணி மைதானத்தில் அடித்த கோலுக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கும் விதியை ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஏஃபா 2021-ல் எடுத்துவிட்டது. பத்து வருடம் அந்த விதியோடு ஆட்டம் பார்த்த வாய் இன்னும் அதைச் சொல்லும். கிரிக்கெட்டில் மழை குறுக்கிட்டால் இலக்கை டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறை மீதமுள்ள ஓவர், கையிலுள்ள விக்கெட் இரண்டையும் வைத்துக் கணக்கிடுகிறது. "ரன் ரேட்டை வெச்சுப் போடுறாங்க" என்று ஒரு வரி சொல்லிப் பாருங்கள், அன்றைக்குப் பெட்டி நிறைந்துவிடும்.

கடிதம் வந்ததும் திருத்தம் போட்டுவிடக் கூடாது. நேயர் சொல்வதே தப்பாக இருக்கலாம். மூல ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டும்: மைய வங்கியின் அறிக்கை, கம்பெனியின் காலாண்டு முடிவு, போட்டி அமைப்பின் விதிப்புத்தகம். இன்னொரு செய்தித் தளத்தில் அப்படி இருக்கிறது என்பது சான்று ஆகாது. அவர்களும் நம் மாதிரி அவசரத்தில் எழுதியவர்கள்தான்.

பிழை உறுதியானால் அடுத்த கேள்வி, எந்த அளவு பிழை. பெயரைத் தப்பாக உச்சரித்தது, வருடம் ஒன்று முன்பின் போனது, வாதத்துக்குச் சேதமில்லை என்றால் எபிசோட் குறிப்பில் தேதியோடு ஒரு வரி போதும். எண் தப்பானதால் வாதமே சாய்கிறது என்றால் மூன்று வேலை சேர்ந்து நடக்க வேண்டும்: ஒலிக்கோப்பில் அந்த இடத்தை வெட்டி மாற்றுவது, குறிப்பில் என்ன மாற்றினோம் என்று எழுதுவது, அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் வாயால் சொல்வது. ஒருவர் மேல் ஆதாரமில்லாமல் குற்றம் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால் அந்தப் பகுதியை உடனே நீக்கிவிட்டு வழக்கறிஞரிடம் பேசிய பிறகுதான் பொதுவில் எதுவும் எழுத வேண்டும். அவசரத்தில் எழுதிய மன்னிப்பின் வாசகமே பின்னால் நமக்கு எதிரான சாட்சியாக நிற்கலாம்.

கோப்பை மாற்றும்போது சிக்குகிற இடம் ஆர்.எஸ்.எஸ். ஓடையில் (பாட்காஸ்ட் செயலிகள் எபிசோடுகளை எடுத்துக்கொள்ளும் பட்டியல்) இருக்கிறது. ஒவ்வொரு எபிசோடுக்கும் ஜி.யூ.ஐ.டி. என்று ஒரு நிரந்தர அடையாளம் உண்டு. ஒலியை மட்டும் மாற்றி அந்த அடையாளத்தை அப்படியே விட வேண்டும். பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் அடையாளம் மாறி, எல்லோருடைய போனிலும் புது எபிசோட் மாதிரி வந்து நிற்கும். பழைய கேட்பு எண்ணிக்கையும் அதோடு தனியாகப் பிரிந்துவிடும். யூடியூபில் இந்த வசதியே கிடையாது. ஏற்றிய வீடியோவின் இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. அவர்களுடைய எடிட்டரில் அந்தத் துண்டை வெட்டலாம், இல்லாவிட்டால் புதிதாக ஏற்ற வேண்டும்.

சரியாக மாற்றினாலும், ஏற்கெனவே பதிவிறக்கியவர் போனில் பழைய பிழை அப்படியே இருக்கும். அடுத்த எபிசோடில் வாயால் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான். சத்தமில்லாமல் வெட்டிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி இருப்பது எல்லாவற்றிலும் மோசம். பழைய கோப்பு வைத்திருக்கும் ஒரே ஒரு நேயர் போதும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டிவிடுவார். அப்போது பேச்சு பிழையைப் பற்றி இருக்காது, மறைத்ததைப் பற்றி இருக்கும்.

வாய்த்திருத்தம் 20 விநாடிக்கு மேல் போக வேண்டாம். "போன எபிசோடில் வட்டி உயர்வைப் பற்றிச் சொன்னதில் ஒரு பிழை. உயர்ந்தது 0.25 சதவீதப் புள்ளி. சுட்டிக்காட்டிய நேயருக்கு நன்றி." அவ்வளவுதான். தப்பான எண்ணை இரண்டு மூன்று முறை திரும்பச் சொன்னால் கேட்பவர் காதில் அதுதான் தங்கும். கடைசியில் சொல்வதும் வேண்டாம்; கடைசி வரை இருப்பவர்கள் குறைவு. "சின்னத் தவறு", "வாய் தவறி" என்று மெழுகவும் வேண்டாம்.

"ஒருதலைப்பட்சம்" என்று வந்தால்

இந்தப் புகாரைக் கையாள்வதுதான் கடினம். காரணம் மனித மனசில் இருக்கிறது. 1951-ல் டார்ட்மத், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த ஒரு முரட்டு அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் படச்சுருளை ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற இருவர் இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களை எண்ணச் சொன்னபோது, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படம் ஒன்றுதான். ஆய்வு 1954-ல் வெளியானது. அரசியலில் இதன் ஜோடி 1985-ல் வந்தது. 1982-ன் பெய்ரூட் படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை வலோன், ராஸ், லெப்பர் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களுக்குக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர்கள், அரபு ஆதரவாளர்கள் இரு சாராருமே அதே செய்தி தங்களுக்கு எதிராகச் சாய்ந்திருப்பதாகச் சொன்னார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட தொகுப்பாளர்கள் உடனே ஒரு சோம்பேறித்தனத்தில் விழுகிறார்கள்: "ரெண்டு பக்கமும் திட்டுறாங்க, அப்ப நாம நடுவுலதான் இருக்கோம்." அப்படிக் கிடையாது. இரண்டு பேர் திட்டுவதும் இரண்டு வேறு நிமிடங்களைப் பற்றியதாக இருக்கலாம். இரண்டிலும் நாம் தப்பாகவே பேசியிருக்கலாம்.

எண்ணிப் பார்ப்பது ஒன்றுதான் வழி. எழுத்துவடிவத்தை எடுத்துக்கொண்டு மூன்று விஷயங்களை எண்ண வேண்டும். ஒவ்வொரு தரப்புக்கும் எத்தனை நிமிடம் கிடைத்தது. ஒவ்வொரு விருந்தினரையும் தொகுப்பாளர் எத்தனை முறை இடைமறித்தார். மூன்றாவது, வினைச்சொற்கள். தமிழில் சார்பு ஒளிந்திருப்பது இங்கேதான். "என்றார்" என்பது சமநிலை. "ஒப்புக்கொண்டார்" என்றால் ஏதோ குற்றம் இருந்தது என்றாகிவிடும். "சமாளித்தார்", "மழுப்பினார்" என்றால் தீர்ப்பே எழுதியாயிற்று. "விளக்கினார்" என்பது கைதூக்கிவிடுகிறது. "கூறிக்கொள்கிறார்" என்ற சொல்லில் இருக்கிற அந்தக் "கொள்" இருக்கிறதே, மொத்த சந்தேகத்தையும் அதுவே சுமந்துவிடும். ஒரு பக்கத்துக்கு எப்போதும் "என்றார்", மறுபக்கத்துக்கு எப்போதும் "சமாளித்தார்" என்று வந்திருந்தால், கடிதம் எழுதியவர் எவ்வளவு கெட்ட வார்த்தை போட்டிருந்தாலும் அவர் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

ஒரே எபிசோடை வைத்து எண்ணினால் ஏமாறுவோம். ஒரு வாரம் ஒரு தரப்பு ஊழலில் மாட்டியிருந்தால் அந்த வாரம் நேரம் அங்கேதான் போகும். எட்டுப் பத்து எபிசோடுகளைச் சேர்த்து எண்ணினால்தான் பழக்கம் எது, அந்த வாரத்து நிலவரம் எது என்று பிரியும். எண்ணி முடித்ததும் எழுதியவருக்கு எண்ணையே அனுப்பலாம்: "நீங்கள் சொன்ன பிறகு கடைசி எட்டு எபிசோடுகளை எண்ணினோம். நேரம் ஏறக்குறைய சமம். இடைமறிப்பு சமமில்லை, உங்கள் தரப்பு விருந்தினரை அதிகம் இடைமறித்திருக்கிறோம். அதைக் கவனிக்கிறோம்." இந்த மாதிரிப் பதிலுக்குத் திரும்பவும் வசை வருவது அபூர்வம். வந்தால் அதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

"கேக்கவே இல்லை"

ஒலிப் புகார் ஒன்றில்தான் நேயர் எப்போதும் சரி. நம் அறையில் நம் ஹெட்போனில் நன்றாகக் கேட்டது என்பது பதிலே ஆகாது. மூன்று கேள்வி திருப்பிக் கேட்க வேண்டும்: எந்தச் செயலி, எதில் கேட்டீர்கள் (கார், இயர்போன், போன் ஸ்பீக்கர்), யாருடைய குரல்.

"காரில் விருந்தினர் குரல் மட்டும் கேட்கவில்லை" என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். மொத்தக் கோப்பையும் அளந்து மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ்.-க்குக் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவந்திருப்பார்கள். மீட்டரில் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் தொகுப்பாளர் சத்தமாகவும் விருந்தினர் மெதுவாகவும் பேசியிருந்தால் சராசரி சரியாகவே காட்டும், குரல்கள் இரண்டும் சரியாக இருக்காது. காரின் தாழ்ந்த இரைச்சல் வந்து அந்த மெதுவான குரலை விழுங்கிவிடும். கலப்பதற்கு முன்பே ஒவ்வொருவர் தடத்தையும் தனித்தனியாக ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்று இரண்டு அலகுக்குள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வடிகட்ட வேண்டும். கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அடக்கும் கருவி) 3:1 விகிதத்தில், மூன்றிலிருந்து ஆறு டெசிபல் வரை இழுத்தால் போதும். கடைசியில் ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16, மோனோ என்றால் மைனஸ் 19, உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது.

"ஒருத்தர் குரல்தான் வருது, இன்னொருத்தர் வாயே திறக்கலை" என்று ஒருவர் எழுதினால் சிரிக்க வேண்டாம். அவர் ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டிருக்கிறார். நாம் தொகுப்பாளரை இடதுபக்கமும் விருந்தினரை வலதுபக்கமும் பதிந்து அப்படியே ஏற்றியிருக்கிறோம். இரண்டு தடத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது.

விளையாட்டுப் பகுதியில் வருவது வேறு புகார்: மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். தனித்தனித் தடம் இருந்தால் குறுக்கே வந்தவர் வாக்கியத்தை அரை விநாடி தள்ளி வைக்கலாம். எல்லோரையும் ஒரே மைக்கில் பதிந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. விளம்பரம் மட்டும் அலறுகிறது என்ற புகாரும் இங்கேதான் சேரும். செருகப்படும் விளம்பரம் வேறு யாரோ வேறு அளவில் செய்தது. நம் அளவு இன்னது என்று விளம்பரம் தருபவரிடம் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் சரிசெய்து தருவார்கள்.

எழுதாதவர்கள்

கடிதம் எழுதுகிறவர் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவர். பிடிக்காமல் போனவர் எழுதுவதில்லை, சும்மா போய்விடுகிறார். அவரைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம், எந்த நிமிடம் வரை எத்தனை பேர் இருந்தார்கள் என்று தளங்கள் காட்டும் கோடு.

மூன்று பகுதி உள்ள நிகழ்ச்சியில் இந்தக் கோட்டைப் படிக்க ஒரு சூட்சுமம் உண்டு. வணிகப் பகுதி தொடங்கும் இடத்தில் கோடு பள்ளமாக இறங்கி, விளையாட்டு தொடங்கும்போது மறுபடி ஏறினால் நேயர்கள் வணிகத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். இறங்கியது ஏறவே இல்லை என்றால் வீட்டுக்கே போய்விட்டார்கள். முதலாவது பெரிய கவலை இல்லை. தாண்டிப் போக வசதியாக அத்தியாயக் குறி போட்டுக் கொடுத்துவிடலாம். யூடியூபில் அது வேலை செய்ய முதல் குறி 0:00-ல் தொடங்க வேண்டும், மொத்தம் குறைந்தது மூன்று குறி இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது 10 விநாடி நீளம் இருக்க வேண்டும். இரண்டாவது வகை என்றால் அந்தப் பகுதியை மாற்ற வேண்டும், அல்லது கடைசிக்குத் தள்ள வேண்டும்.

மற்ற எண்களை அவற்றின் இலக்கணம் தெரிந்து பார்க்க வேண்டும். பதிவிறக்க எண்ணிக்கைக்கு, ஏறக்குறைய ஒரு நிமிட ஒலி இறங்கியிருந்தாலே கணக்கு. கேட்டாரா என்பது அதில் தெரியாது. 2023-ல் ஐபோனின் இயங்குதளம் ஐ.ஓ.எஸ். 17 வந்தபோது ஆப்பிள் தானியங்கிப் பதிவிறக்க முறையை மாற்றியதில் பல பாட்காஸ்ட்களின் எண்ணிக்கை இறங்கியது. அதைப் பார்த்து நேயர்கள் ஓடிவிட்டார்கள் என்று பயந்திருந்தால் அது வீண் பயம். "ஈடுபாட்டோடு கேட்டவர்" என்று ஆப்பிள் எண்ணுவது 20 நிமிடமோ எபிசோடில் 40 சதவீதமோ கேட்டவரை. ஒன்றரை மணி நேர எபிசோடில் அரசியலை மட்டும் 20 நிமிடம் கேட்டுவிட்டுப் போனவரும் அதில் அடக்கம். அந்த எண்ணைக் காட்டி விளையாட்டுப் பகுதிக்கு ஸ்பான்சர் கேட்பது நியாயமில்லை.

நேயர் கருத்துக்கணிப்பு நடத்துவதும் உண்டு. தற்செயலாகத் தேர்ந்தெடுத்த 1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி, 100 பேர் என்றால் 10. நம் படிவத்தை நிரப்புகிறவர்கள் தற்செயலாக வந்தவர்கள் இல்லை, தாமாக முன்வந்தவர்கள். அவர்கள் 5,000 பேரே ஆனாலும் இந்த வரம்பு பொருந்தாது. தேர்தல் கணிப்புகளின் மாதிரி சரியில்லை என்று அரசியல் பகுதியில் கிழிகிழியென்று கிழித்துவிட்டு, "நம் நேயர்களில் 80 சதவீதம் பேர் விரும்புகிறார்கள்" என்று அதே வாயால் சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. படிவத்தில் "எந்தப் பகுதி பிடிக்கும்" என்று கேட்பதைவிட "கடைசியாக எந்தப் பகுதியைத் தாண்டிப் போனீர்கள்" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும்.

நட்சத்திர மதிப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஆப்பிளில் மதிப்புரைகள் நாடு வாரியாகத் தனித்தனியாக இருக்கும். ஒரு நாட்டில் இருப்பவர் கண்ணில் படுவது அந்த நாட்டுக் கணக்கு மட்டும். அங்கே நாம் பதில் எழுதவும் வழியில்லை. ஸ்பாட்டிஃபையில் நட்சத்திரம் தெரியும், காரணம் தெரியாது. ஒரு சூடான அரசியல் எபிசோடுக்குப் பிறகு ஒரே நாளில் ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டினால், மதிப்புரையில் எபிசோடின் உள்ளே பேசியது எதுவும் இல்லையா, கேட்பவர் கோட்டில் மாற்றம் இல்லையா என்று பாருங்கள். இரண்டுக்கும் "இல்லை" என்றால் அது கூட்டம் சேர்த்து வந்த தாக்குதல். வசையை மட்டும் தளத்திடம் புகார் செய்துவிட்டு விட்டுவிட வேண்டும். "நம்ம ஆளுங்க எல்லாரும் போய் அஞ்சு ஸ்டார் போடுங்க" என்று மைக்கில் கெஞ்சுவது அந்தக் கூட்டத்துக்கு மேடை போட்டுக் கொடுப்பது.

வணிகத்தின் கேள்வி, விளையாட்டின் கெடு

வணிகப் பகுதிக்கு வரும் கேள்வியில் பாதி "இந்தப் பங்கை வாங்கலாமா?" என்பதுதான். தனி ஆளுக்கு முதலீட்டு ஆலோசனை சொல்வதற்குப் பல நாடுகளில் உரிமம் வேண்டும். எழுதியவரின் கடன், வயது, சேமிப்பு எதுவும் நமக்குத் தெரியாது. "தனிப்பட்ட முதலீட்டுக்குப் பதில் சொல்வதில்லை. அந்தக் கம்பெனியின் அறிக்கையை எப்படிப் படிப்பது என்று அடுத்த எபிசோடில் பேசுகிறோம்" என்று மாறாத பதில் ஒன்று வேண்டும், நண்பர் கேட்டாலும் அதே பதில். பேசுகிறவர் அந்தப் பங்கை வைத்திருந்தால், அந்தக் கம்பெனி விளம்பரம் தந்திருந்தால், பகுதி தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். பிறகு ஒரு நேயர் கண்டுபிடித்து எழுதினால் எந்தப் பதிலும் எடுபடாது.

சில நேரம் கடிதத்தோடு உள் ஆவணமும் வரும். அனுப்பியவர் பெயரைத் தாளில் எழுத வேண்டாம், யாருக்கும் முன்னனுப்ப வேண்டாம். கோப்பின் உள்ளேயே உருவாக்கியவர் பெயரும் நேரமும் ஒட்டியிருக்கும், அதனால் அதை அப்படியே வெளியிடவும் கூடாது. அதை வைத்துப் பங்கு வாங்குவதோ விற்பதோ சிறைக்கே கொண்டுபோகலாம்.

விளையாட்டில் பிரச்சினை கெடு. வியாழன் இரவு பதிந்தது சனிக்கிழமை வெளியாகும்போது நடுவில் ஒரு ஆட்டம் முடிந்திருக்கும், ஒருவருக்குக் காயம் பட்டிருக்கும். "ஒண்ணும் தெரியாம பேசுறீங்க" என்று வரும் கடிதங்களில் பெரும்பகுதியை ஒரே வாக்கியம் தடுத்துவிடும்: "இது வியாழன் இரவு ஒன்பது மணிக்குப் பதிவாகிறது." எபிசோடின் தொடக்கத்தில் ஒரு முறை, விளையாட்டுப் பகுதியின் தொடக்கத்தில் இன்னொரு முறை. தலைப்பில் முடிவைப் போட வேண்டாம். ஆட்டத்தைப் பிறகு பார்க்க வைத்திருப்பவர் நம் மேல்தான் எரிந்து விழுவார். ஆட்டம் முடிந்த சூட்டில் வரும் கடிதங்களை ஒரு நாள் ஆறப்போட்டுப் பிறகு படித்தால், பாதிக்குப் பதிலே தேவைப்படாது.

மைக்கில் படிப்பது

கடிதத்தைப் படிக்க அனுமதி கேட்க வேண்டும். "எங்களுக்கு எழுதுங்கள்" என்று சொன்னது அனுமதி ஆகாது. பெயரில் முதல் பெயர் மட்டும், அரசியல் கடிதம் என்றால் அதுகூட வேண்டுமா என்று கேட்டுவிட்டு. நீளமான கடிதத்தைச் சுருக்கினால், சுருக்கிய வடிவத்தை அனுப்பி "இதுதானே நீங்கள் சொன்னது?" என்று கேட்க வேண்டும். எதிர்க்கருத்தைச் சுருக்கும்போது நம்மையறியாமல் அதன் பல்லைப் பிடுங்கிவிடுகிறோம்.

குரல் பதிவுக்கு 40 விநாடி என்று வரம்பு சொல்லிவிட்டால் ஆள் விஷயத்துக்கு நேராக வருவார். வாட்ஸப் குரல் ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் நன்றாகச் சுருக்கப்பட்டது. அளவைக் கூட்டினால் பின்னணி இரைச்சலும் கூடவே எழும். முதலில் இரைச்சலைக் குறைத்துவிட்டுப் பிறகு அளவைக் கூட்டுவதுதான் வரிசை. திட்டுகிற கடிதங்களில் மொக்கையானதைத் தேடி எடுத்துப் படித்துக் கேலி செய்யும் பழக்கம் சில நிகழ்ச்சிகளில் இருக்கிறது. சிரிப்பு வரும்தான். ஆனால் 27வது நிமிடத்துப் பிழையைப் பிடிக்கக்கூடியவர் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த முறை எழுதாமல் விட்டுவிடுவார்.